எர்லி ஆக்சஸ் கேமை இப்போதே வாங்கலாமா, முழுசா வரும்வரை பொறுக்கலாமா?

விண்கல்_வேலன்

வணக்கம் நண்பர்களே. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஒரு சர்வைவல் கேம் ரொம்ப நாளாக என் விஷ்லிஸ்டில் கிடக்கிறது. இன்னும் எர்லி ஆக்சஸ்தான், அதாவது முடிவதற்கு முன்பே விற்கிறார்கள். முழுசா வெளியாகும்போது விலை ஏறும் என்று டெவலப்பர்களே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இனி வரப்போவதைச் சொல்லும் ரோட்மேப்பில் கோஆப் (நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது), புது மேப், வண்டிகள் என்று நிறைய இருக்கிறது, ஆனால் கோஆப் இன்னும் வரவில்லை, எனக்கும் என் கல்லூரி நண்பர்களுக்கும் அதுதான் முக்கியமே. விலை குறைவாக இருக்கும்போதே வாங்கிப் போட்டுவிடலாமா? லேப்டாப்பும் சுமார்தான், 3050 கிராபிக்ஸ் கார்டு. இப்படி முடியாத கேம்களை வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ராக்கெட்_ராசா

கோஆப்தான் வேண்டும் என்றால் கோஆப் வந்த பிறகு வாங்குங்கள் தம்பி. நான் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் கேம். அதன் இரண்டு பாகமுமே பாதியில் விற்கப்பட்டவைதான், ஆனால் இரண்டும் போன வழி வேறு.

முதல் பாகத்தை மெக்சிகோவில் ஸ்குவாட் என்ற சின்ன குழு 2011இல் வெளியே விட்டபோது அதில் போய் இறங்குவதற்கு ஒரு நிலவுகூடக் கிடையாது. நிலவு, மற்ற கோள்கள், ஆராய்ச்சி எல்லாம் ஒவ்வொரு பதிப்பாக வந்து 2015 ஏப்ரலில்தான் 1.0, அதாவது முழு கேம், ஆனது. ஆனாலும் யாரும் ஏமாறவில்லை, ஏனென்றால் ராக்கெட்டைக் கட்டி ஏவுவது, அது நடுவானில் பிய்ந்து விழுவது, ஏன் விழுந்தது என்று பார்த்து மறுபடி கட்டுவது, இதுவே முதல் நாளிலிருந்து விளையாட்டாக இருந்தது. அப்புறம் வந்ததெல்லாம் கூடுதல்.

இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் 50 டாலருக்கு எர்லி ஆக்சஸில் வந்தது. முதல் பாகத்தில் இருந்த, ஆராய்ச்சி செய்து புதுப் பாகங்களைத் திறக்கும் அறிவியல் முறை அதில் இல்லை, வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது கலம் சூடாவதுகூட இல்லை, பரிந்துரைத்த கார்டோ உங்கள் 3050ஐவிட மிகவும் வலுவான ஆர்டிஎக்ஸ் 3080. அறிவியல் அந்த டிசம்பரில் வந்து சேர்ந்தது. காலனிகள், வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், மல்டிபிளேயர், இந்த மூன்றும் ரோட்மேப்பிலேயே நின்றுவிட்டன. 2024இல் ஸ்டுடியோவில் ஆட்களை நீக்கினார்கள், அந்த ஜூனுக்குப் பிறகு அப்டேட்டே இல்லை, கேம் மட்டும் தொடர்ந்து கடையில் விற்பனைக்கு இருந்தது. இது ஒன்றும் பணமில்லாத இண்டி குழு இல்லை, பின்னால் இருந்தது டேக்-டூ என்ற கேம் வெளியீட்டு நிறுவனம். பெரிய கம்பெனி, பழைய பெயர் என்று நம்பி வாங்கியவர்களுக்கு மல்டிபிளேயர் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

பட்டறை_பாண்டி

ராசா அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் அதை வைத்து எர்லி ஆக்சஸே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. தொழிற்சாலை கட்டும் கேமான ஃபேக்டோரியோ ஸ்டீமுக்கு வந்தது 2016இல், 1.0 ஆனது 2020இல். அந்த நான்கு வருஷமும் அது முழு கேம் மாதிரியேதான் ஓடியது, வெள்ளிக்கிழமைதோறும் எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று அவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். அந்தப் பதிவுகளைப் படித்தாலே வேலை நடக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, அது தள்ளுபடிக்கே வராது, 20 டாலரில் தொடங்கி இப்போது 35. சீக்கிரம் வாங்கியவர்களுக்கு அங்கே லாபம்தான்.

ஹேடிஸும் அப்படித்தான். 2018 டிசம்பரில் வந்தது, 2020 செப்டம்பர்வரை கதையின் கடைசி முடிவு அதில் இல்லை, ஆனால் செத்துச் செத்து மறுபடி ஆரம்பிக்கிற கேம் என்பதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. விளையாடுகிறவர்கள் சொல்லச் சொல்ல ஆயுதங்களையும் வரங்களையும் சரிசெய்துகொண்டே போனார்கள். சின்ன குழுக்களுக்கு நாம் முன்கூட்டிக் கொடுக்கிற காசுதான் சம்பளம், அது இல்லையென்றால் இதில் பல கேம்கள் முடிந்தே இருக்காது. பிடித்த குழுவுக்குத் தெரிந்தே கொடுப்பதில் தப்பில்லை.

ஆனால் கதைதான் உயிர் என்கிற கேமை மட்டும் பாதியில் தொடவே தொடாதீர்கள். முழுசா வரும்போது முதல் பத்து மணிநேரம் ஏற்கெனவே மனப்பாடம் ஆகியிருக்கும், சலிப்புதான் மிஞ்சும்.

மஞ்சள்_மேகலா

வேலன், காசு கொடுப்பதற்கு முன்னால் ஸ்டீம் பக்கத்தில் அந்த நீலப் பெட்டியை முழுசாகப் படியுங்கள், பலர் அதைத் தாண்டி நேராக டிரெய்லருக்குப் போய்விடுகிறார்கள். இப்போது இருக்கிற நிலையிலேயே விளையாட ஆசை இல்லையென்றால் பொறுத்திருங்கள் என்று ஸ்டீமே அதில் சொல்கிறது. கீழே எவ்வளவு காலம் ஆகும், இப்போது என்ன இருக்கிறது, விலை மாறுமா என்பதற்கு டெவலப்பர்களின் பதில்கள் இருக்கும். ஒரு வருஷத்தில் முடிப்போம் என்று எழுதி மூன்று வருஷமாக அதே வரி கிடந்தால் புரிந்துகொள்ளலாம். ரொம்ப நாளாக அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் 2025இலிருந்து ஸ்டீம் எச்சரிக்கையே போடுகிறது.

2 மணிநேரத்துக்குள் ஆடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம் என்கிற ரீஃபண்ட் கணக்கு எர்லி ஆக்சஸுக்கும் உண்டு. உங்கள் 3050இல் ஓடுகிறதா என்று பார்க்க முதல் அரைமணி போதும், மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள், அதுவும் சேர்ந்துவிடும். ரிவ்யூ பார்க்கும்போது மொத்த சதவீதத்தை விடுங்கள், கடைசி ஒரு மாதத்தில் எழுதியதை மட்டும் பாருங்கள்.

விண்கல்_வேலன்

நன்றி எல்லோருக்கும். தனியாக ஆடினாலும் கேம் நன்றாக இருக்கிறது என்றுதான் சமீபத்திய ரிவ்யூ எல்லாம் சொல்கிறது, அதனால் இன்னும் யோசிக்கிறேன். ஒரு சந்தேகம்: இப்போது ஆடி வைத்தால் அந்த சேவ் (நாம் ஆடிச் சேமித்த நிலை) 1.0 வரும்போது அப்படியே இருக்குமா?

பட்டறை_பாண்டி

கேமைப் பொறுத்தது. பால்டர்ஸ் கேட் 3 என்ற கதை கேமை 2020 அக்டோபரிலிருந்து முதல் அங்கம்வரை ஆடவிட்டார்கள். நடுவே பெரிய பேட்ச் வந்தபோது பழைய சேவ்கள் போயின, 2023 ஆகஸ்டில் முழுசா வந்தபோது எல்லோரும் புதிதாகத்தான் ஆரம்பித்தார்கள். உங்கள் கேமின் பேட்ச் குறிப்புகளில் "புது உலகம் தொடங்க வேண்டும்" என்கிற மாதிரி வரி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அடிக்கடி வந்திருந்தால் வீடு, பண்ணை என்று பெரிதாக எதையும் கட்டாமல் சும்மா சுற்றிப் பார்க்க மட்டும் ஆடுங்கள்.