புதுப்பிப்பு: பிப்ரவரியில் செரெங்கெட்டி, எங்கே தங்குவது?

பிப்ரவரியில் தான்சானியாவின் செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்குப் போனால் வடக்கே மாரா ஆற்றோரம் தங்குவதா, நடுவே செரோனேராவிலா என்று கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டும் வேண்டாம், தெற்கே ந்டூட்டு போங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. வில்டபீஸ்ட் (மாட்டைப் போலத் தெரியும் பெரிய மான் வகை) மந்தைகள் மாரா ஆற்றைத் தாண்டும் காட்சியெல்லாம் ஜூலைக்கு அப்புறம்தான்; பிப்ரவரியில் மந்தைகள் குட்டி போட இந்தத் தெற்குப் புல்வெளிக்கு வந்துவிடுகின்றன. எங்கள் வண்டிக்கு எதிரே ஒரு வில்டபீஸ்ட் ஈன்றது. கன்று எழ முயன்று நாலு தடவை முகம் குப்புற விழுந்தது. ஐந்தாவது தடவை நின்றது, உடம்பின் ஈரம் காய்வதற்குள் தாயின் பின்னால் ஓடியே விட்டது!

எதிர்பாராதது செட்சி ஈ. கருநீலச் சட்டை போட்டது என் தப்பு. நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். துணிக்கு மேலேயே கடிக்கிறது. காக்கிதான் சரி.

அப்புறம், அருஷா நகரத்திலிருந்து போன சின்ன விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பை. என் சக்கரப் பெட்டி அருஷா விடுதியிலேயே தங்கிவிட்டது.