மலேசியாவில் ஆறு பெர்சத்து கட்சி எம்பிக்கள் அணி மாறியும் தொகுதி பறிபோகாதது எப்படி?

கிள்ளான்வாசி:
2020-ல் ஹராப்பான் கூட்டணி அரசைக் கவிழ்த்த ஷெரட்டன் கூத்துக்குப் பிறகு கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2022 ஜூலையில் மக்களவையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறி, அக்டோபர் 5 முதல் நடப்புக்கும் வந்துவிட்டது. ஆனால் மறு வருடமே கோல கங்சார் எம்பி ஆரம்பித்து வைக்க, லாபுவான், குவா மூசாங், ஜெலி, புக்கிட் கந்தாங், தஞ்சோங் காராங் என்று எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு பேர் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு என்று சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலையில் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் ஆறு தொகுதிகளும் காலியாகவில்லை என்று முடிவு சொன்னார். அப்புறம் எதற்கு இந்தச் சட்டம்? நான் ஹராப்பானுக்கு ஓட்டுப் போட்டவன்தான், இருந்தாலும் இது உறுத்துகிறது.

ஈப்போ_வக்கீல்:
அரசியலமைப்புச் சட்டத்தில் 49A பிரிவைப் பாருங்கள். கட்சியை விட்டு விலகினால், உறுப்பியம் இல்லாமல் போனால், சுயேச்சையாக ஜெயித்தவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் தொகுதி போகும். கட்சியே நீக்கினால் போகாது. இந்த ஆறு பேரும் விலகவே இல்லை, பெர்சத்துவில் இருந்துகொண்டே பிரதமரை ஆதரிக்கிறோம் என்றார்கள். நீக்கினால் பதவி தப்பிவிடும் என்பது பெர்சத்துவின் அப்போதைய தலைவர் முஹிடின் தரப்புக்கும் தெரியும், அதனால் கட்சி விதிகளைத் திருத்தி, இப்படிச் செய்தால் உறுப்பியம் தானாகவே ரத்து என்று எழுதிப் பார்த்தார்கள். சபாநாயகர் ஏற்கவில்லை.

குவா மூசாங் மருமகன்:
இதில் பெரிய வேடிக்கை எங்கள் பக்கம்தான் நடந்தது. குவா மூசாங் எம்பியே கிளந்தான் மாநிலத்தில் நெங்கிரி சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அதே ஆள், அதே கட்சி, அதே காரணம். கிளந்தான் சபாநாயகர் நெங்கிரி காலி என்று அறிவித்து 2024 ஆகஸ்டில் இடைத்தேர்தலே நடந்து அன்வார் அரசில் இருந்த அம்னோ ஜெயித்தது. கோலாலம்பூரில் மட்டும் நாற்காலி பத்திரம்! கிளந்தானை எதிர்க்கட்சியான பாஸ் ஆள்கிறது, மக்களவை அன்வார் கையில், வேறென்ன சொல்ல. தொகுதி நலனுக்காகத்தான் ஆதரவு என்றார்கள், எதிர்க்கட்சி எம்பிக்கு ஒதுக்கீடு கிடைக்காத நாட்டில் அதை முழுப் பொய் என்றும் தள்ள முடியவில்லை.

மயிலாப்பூர் ரவி:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். இந்தியாவில் 1985-லிருந்தே சட்டம் இருக்கிறது, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலே பதவி போகலாம், உங்கள் சட்டத்தில் அது இல்லை போலிருக்கிறது. ஆனால் இங்கேயும் கும்பலாகப் போனால் தப்பிக்கலாம். 2021-ல் லோக் ஜனசக்தியின் ஆறு எம்பிக்களில் ஐந்து பேர் சிராக் பாஸ்வானைத் தனியாக விட்டுவிட்டு அவருடைய சித்தப்பா பக்கம் போனார்கள். சபாநாயகர் சித்தப்பாவையே கட்சியின் மக்களவைக் குழுத் தலைவராக ஏற்றார், யாருக்கும் பதவி போகவில்லை.

பட்டர்வொர்த்_தமிழன்:
ரவி சார் சொன்ன அந்தக் கும்பல் விஷயம்தான் இங்கேயும். இந்தச் சட்டம் 2020 பிப்ரவரியில் இருந்திருந்தாலும் ஷெரட்டன் நடந்திருக்கும். அன்று ஹராப்பானைக் கவிழ்த்தது பெர்சத்து கட்சியாகவே கூட்டணியை விட்டு வெளியேறியதுதான், கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினால் சட்டம் தொடாது. அன்று அணி மாறிய எம்பிக்கள் அஸ்மினும் சுரைடாவும் அன்வாரின் பிகேஆர் கட்சியால் நீக்கப்பட்டவர்கள், ஆக அவர்கள் தொகுதிகளும் பத்திரம். அவர்களோடு போன மற்றவர்கள் வேண்டுமானால் மாட்டியிருப்பார்கள். தனியாகத் தாவும் தவளையைப் பிடிக்க வலை, குளத்தையே தூக்கிக்கொண்டு போனால் கேள்வி இல்லை.

கிள்ளான்வாசி:
நீக்கப்பட்டாலும் தொகுதி போகும் என்று ஒரு வரி திருத்தினால் முடிந்தது இல்லையா?

ஈப்போ_வக்கீல்:
வேண்டாம் அண்ணே. 2020 மே மாதம் பெர்சத்து மகாதீர், முக்ரிஸ், சைட் சாடிக் உட்பட ஐந்து எம்பிக்களின் உறுப்பியத்தை ரத்து செய்தது. நீங்கள் சொல்கிற வரி அன்று இருந்திருந்தால் மகாதீரின் லங்காவி எம்பி பதவியே ஒரு கடிதத்தில் போயிருக்கும். எந்தக் கட்சித் தலைவர் கையிலும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை, அன்வாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திருத்துவதாக இருந்தால், தொகுதி காலியா இல்லையா என்ற முடிவைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து நீதிமன்றத்திடம் கொடுக்கட்டும். நெங்கிரி மாதிரி இரண்டு தீர்ப்பாவது வராது.