சேகோ ஆலை நடத்திய தாத்தாவின் நினைவு மலரில் எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி – வாழப்பாடிப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். சேலம்–ஆத்தூர் சாலையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஜவ்வரிசி ஆலை நடத்திய என் தாத்தா தமது 94ஆம் வயதில் காலமானார். தை மாதம் தலைத்திவசம் வருகிறது. அன்று உறவினர்களுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கும் கொடுக்க ஒரு நினைவு மலர் போடுவதென்று முடிவாகி, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

பெரியப்பா கொடுத்த குறிப்பில் ‘உழைப்பால் உயர்ந்த உத்தமர்’, ‘குலவிளக்கு’ என்ற சொற்களே இருக்கின்றன. அவற்றை எந்தத் தாத்தாவின் படத்துக்குக் கீழும் அச்சிடலாம். எனக்குத் தெரிந்தவர் விடிந்தும் விடியாமலும் களத்துக்குப் போய், காயப்போட்ட ஜவ்வரிசியில் ஒரு பிடி அள்ளி, இரண்டு மணிகளைக் கடைவாயில் வைத்துக் கடித்து, அந்தச் சத்தத்தை வைத்தே இன்னும் எத்தனை நாழிகை வெயில் வேண்டும் என்று சொல்லுகிறவர். மரவள்ளிக் கிழங்கு லாரி வந்து நின்றால் ஒரு கிழங்கை ஒடித்து, ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்பார். பிறகு தண்ணீரில் எடைபோட்டுப் பார்த்தால் பெரிதாகத் தவறியதில்லை என்று பழைய மேஸ்திரி இன்றும் சொல்லுகிறார்.

சிக்கல் வேறு. எண்பதுகளில் எங்கள் ஆலையின் கழிவுநீர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் நாறிப்போய், தென்னைகள் பட்டுப்போயின. ஊர்ப் பஞ்சாயத்து வரை போனது. இரண்டு வருடம் இரு வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் தாத்தா ஆயாவின் (பாட்டியின்) காசுமாலையை விற்று, அவர்களுக்கு மேட்டில் வேறு கிணறு வெட்டிக் கொடுத்தார். ‘திவசத்தன்று கொடுக்கிற புத்தகத்தில் நாறிய கிணறு எதற்கு?’ என்கிறார் பெரியப்பா. உங்கள் கருத்து என்ன?

மறுமொழி – செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்

தம்பி, முதலில் தொழிலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் தாத்தா எதை நம்பி இறங்கினார் என்பது இளையவர்களுக்கு விளங்காது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோன சமயத்தில், 1943இல், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கில் அத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். அப்போது இயந்திரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது; ஈரமாவைச் சாக்குத் தொட்டிலில் போட்டுக் குலுக்கிக் குலுக்கித்தான் மணியாக்கினார்கள். உங்கள் தாத்தா காலத்து முதலாளிகள் எல்லாம் அந்தத் தொட்டிலிலிருந்து வந்தவர்கள்தாம்.

1981இல் ஆலைக்காரர்களின் சரக்கை விற்றுக்கொடுக்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைவதற்கு முன்னால் ஆலைக்காரரின் கழுத்து எங்களைப் போன்ற மண்டிக்காரர்கள் கையில் இருந்தது. நாங்கள் சொன்னதே விலை, கொடுத்தபோதே பணம். (என்னுடைய தகப்பனாரையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.) சங்கம் வந்து, 90 கிலோ மூட்டைக்கு மறைமுக டெண்டரில் விலை வைக்கத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் நிமிர்ந்தார்கள். அந்த மாற்றத்தில் உங்கள் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று விசாரியுங்கள்.

கிணற்று விஷயத்தை நானாக இருந்தால் சேர்க்க மாட்டேன். போனவர் வந்து தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் போவதில்லை.

மறுமொழி – கிணற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர்

ஐயா, நான் இன்னொரு ஊரில், இன்னொரு ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். கிழங்கைக் கழுவவும் மாவுப் பாலைப் பிரிக்கவும் தண்ணீர் ஆறாக ஓடவேண்டும். அது தொட்டியைத் தாண்டியதும் ஓரிரு நாளில் புளித்து, கால் கிலோமீட்டருக்கு மூக்கைப் பொத்த வைக்கும். பல ஆலைகள் பின்னாளில் அந்தத் தண்ணீரிலிருந்தே எரிவாயு எடுக்கத் தொடங்கின. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அது ஓடையில்தான் ஓடியது. என் அம்மா இரண்டு மைல் நடந்து குடிதண்ணீர் கொண்டுவந்தார். எங்களுக்கு யாரும் கிணறு வெட்டிக் கொடுக்கவில்லை. மாட்டுக்கு இரண்டு கூடை திப்பி (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் கிழங்குச் சக்கை) கொடுத்தனுப்பினார்கள்.

கட்டாயம் எழுதுங்கள். அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டிலும் ஒரு பிரதி கொடுப்பீர்கள் அல்லவா? அவர்கள் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

மறுமொழி – அம்மாப்பேட்டை ஆசிரியை

கேள்வியில் என் கண்ணில் பட்டது காசுமாலை. தாத்தா விற்றார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆயாவே கழற்றிக் கொடுத்தாரா, தாத்தா கேட்டு வாங்கினாரா, பிறகு அது என்ன ஆயிற்று? ஆலையைப் பற்றி இவ்வளவு சொன்ன நீங்கள், வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அத்தைமார் இருந்தால் அவர்களிடம் போய் உட்காருங்கள். பெரியப்பாக்களுக்கு இதெல்லாம் நினைவிருக்காது.

கேட்டவரின் பதில் – வாழப்பாடிப் பேரன்

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சின்ன அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வருடத்தில் ஒரே நாள், மே மாத மலர்க் கண்காட்சிக்கு, பேரன் பேத்திகளை ஆலை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு தாத்தா ஏற்காடு போவதையும், கொண்டை ஊசி வளைவுகளை எங்களை எண்ண வைத்துவிட்டு, இருபது வருவதற்குள் அவரே தூங்கிவிடுவதையும் சொல்லிச் சிரித்தார்.

காசுமாலையைப் பற்றிக் கேட்டதும் எழுந்து போய், பரணிலிருந்து சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு பேரேட்டை எடுத்துவந்தார். அதில் கிழங்குக்காரர்கள், மண்டிகள், கூலி என்று ஓடுகிற கணக்குகளுக்கு நடுவே ஆயாவின் பெயரில் தனிப் பக்கம் ஒன்று இருக்கிறது. வரவில் ‘காசுமாலை 9 பவுன், கிணற்றுக்காக’ என்று ஒரே வரி. பற்றில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அரைப் பவுன், ஒரு பவுன் என்று திருப்பிக் கொடுத்தது பதினோரு வரிகளாக இருக்கிறது. மழை பொய்த்துக் கிழங்கு வராத வருடத்துக்கு நேரே ‘இல்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அடியில் ‘கணக்கு நேர்’.

பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், ‘கணக்கு நேர்’ என்பது தாத்தாவின் எழுத்து அல்ல, ஆயாவின் எழுத்து என்றார். கிணற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்று அதன் பிறகு அவர் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தை அதே அளவில், காகிதத்தின் பழுப்பு நிறம் மாறாமல் மலரின் நடுவில் போட விரும்புகிறேன். சேலத்தில் அப்படி அச்சிட்டுக் கொடுக்கிற அச்சகம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.