இன்டேக் மாற்றினால் 12 குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள், வாங்கலாமா? (2018 ஸ்விஃப்ட் பெட்ரோல், பொள்ளாச்சி)

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2018-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. மாதம் இரண்டு முறையாவது ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் போய் வருகிறோம். அம்மிச்சி உட்பட ஐந்து பேரும் பைகளும் ஏறிவிட்டால், அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மிகவும் திணறுகிறது. சமவெளியிலும் லாரியை முந்தும்போது முன்பிருந்த பிக்கப் இல்லை என்று தோன்றுகிறது.

கோவையில் ஒரு கடையில் கோன் ஃபில்டரும் அலுமினியக் குழாயும் சேர்ந்த இன்டேக் (என்ஜினுக்குக் காற்று போகும் பாதை) செட் ஒன்றைக் காட்டி, 18,000 ரூபாய் விலை சொன்னார்கள். பெட்டியின் மீது "12 எச்.பி. வரை கூடும்" என்று அச்சிட்டிருந்தது. சான்றாக ஒரு டைனோ (வண்டியின் திறனை அளக்கும் கருவி) தாளையும் காட்டினார்கள். அதில் மாற்றுவதற்கு முன் 70, மாற்றிய பின் 82 என்று இருந்தது. என் வண்டியின் கையேட்டிலோ 83 பி.எஸ். என்று போட்டிருக்கிறது. மாற்றிய பிறகும் 82 தான் என்றால் நான் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அவர்கள் சொன்ன விளக்கம் எனக்குப் புரியவில்லை. பி.எஸ்., எச்.பி., பி.எச்.பி., வீல் எச்.பி. என்பவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும், இந்த எண்ணை எப்படி நம்புவது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈரோடு_இயந்திரவியல்:

தம்பிக்கு வணக்கம். கல்லூரியில் என்ஜின் ஆய்வகப் பொறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்பதால், உங்கள் கேள்விக்கு முதலில் அலகுகளிலிருந்து பதில் சொல்கிறேன்.

உங்கள் தோட்டத்து மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் 3.7 கிலோவாட், 5 எச்.பி. என்று இரண்டும் பொறித்திருக்கும். ஒரு எச்.பி. என்பது 746 வாட், பி.எஸ். என்பது மெட்ரிக் குதிரைத்திறன், அது 735.5 வாட். உங்கள் காரின் 61 கிலோவாட்டை பி.எஸ். கணக்கில் சொன்னால் 83, எச்.பி. கணக்கில் சொன்னால் 82. எண் மாறினாலும் என்ஜின் அதேதான். பி.எச்.பி. என்பது என்ஜினின் கிராங்க் தண்டில் பிரேக் வைத்து அளந்த திறன், வீல் எச்.பி. என்பது கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், டயர் எல்லாவற்றிலும் இழந்தது போகச் சக்கரத்தில் மிஞ்சுவது. இந்த இழப்பு பொதுவாக 10 முதல் 15 சதவீதம் இருக்கும். ஆகவே டைனோவில் 70 காட்டும் வண்டி, கையேட்டில் 83 என்று இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

கடைக்காரர் காட்டிய தாளில் நான் முதலில் பார்ப்பது, அந்த 70-ம் 82-ம் ஒரே இடத்தில் அளந்த எண்களா என்பதுதான். சக்கரத்தில் அளந்த 70-ஐ ஒருபுறமும், கிராங்க் கணக்கிற்கு மாற்றிய 82-ஐ மறுபுறமும் போட்டால், ஒரு திருகைக்கூடக் கழற்றாமலேயே 12 கூடிவிடும். அடுத்து, திருத்தக் காரணியைப் பார்க்க வேண்டும். காற்றின் அழுத்தமும் வெப்பமும் நாளுக்கு நாள் மாறுவதால், டைனோ மென்பொருள் தான் அளந்ததை ஒரு நிலையான தட்பவெப்பத்துக்குக் கணக்கிட்டுத் தருகிறது. எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. பழைய 'எஸ்.டி.டி.' முறை இதைவிடக் குளிர்ந்த, அடர்ந்த காற்றைக் கொள்வதால், அதே ஓட்டத்துக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். முதல் ஓட்டத்தை ஒன்றிலும் அடுத்ததை மற்றொன்றிலும் அச்சிட்டால் அங்கேயே கிட்டத்தட்ட 3 எச்.பி. வந்துவிடும்.

இது புதிய குழப்பமும் அல்ல. அமெரிக்கக் கார் நிறுவனங்கள் 1971 வரை ஏர் ஃபில்டர், ஆல்டர்நேட்டர், சைலன்சர் போன்றவற்றைக் கழற்றி வைத்து அளந்த 'கிராஸ்' திறனையே விளம்பரப்படுத்தின. 1972 மாடல்களிலிருந்து, அவற்றையெல்லாம் பொருத்திய பிறகு அளக்கும் 'நெட்' திறனுக்கு மாறியபோது, பல வண்டிகளின் எண் ஒரே ஆண்டில் வெகுவாகக் குறைந்தது.

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:

மிக்க நன்றி, ஐயா. தாளைத் திரும்பவும் வாங்கிப் பார்த்தேன். திருத்தக் காரணி என்ற இடமே அதில் இல்லை. முதல் ஓட்டம் காலையிலும் அடுத்தது வேறொரு நாளிலும் நடந்திருக்கிறது. இருந்தாலும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. தாள் தவறாகவே இருக்கட்டும்; அந்தப் பெரிய ஃபில்டர் அதிகக் காற்றை விடும் என்பது உண்மைதானே? அதனால் ஓரளவாவது திறன் கூடாதா?

சிங்காநல்லூர்_பட்டறை:

தம்பி, நான் முப்பது வருடமாகப் பெட்ரோல் வண்டிகளுக்கு வேலை செய்கிறேன். நம் ஊர் உதாரணத்தோடு சொல்கிறேன். கிணற்றில் 5 எச்.பி. மோட்டார் ஓடுகிறது, ஃபுட் வால்வில் பாசி அடைத்துத் தண்ணீர் குறைந்தால், அதைச் சுத்தம் செய்தவுடன் பழைய தண்ணீர் திரும்பக் கிடைக்கும். ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் ஃபுட் வால்வைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரியதை மாட்டினால், மோட்டார் 6 எச்.பி. ஆகிவிடாது. டர்போ இல்லாத உங்கள் என்ஜினும் அப்படித்தான். 1,197 சி.சி. என்ஜின் 6,000 ஆர்.பி.எம்மில் (நிமிடத்திற்கு 6,000 சுற்று) நிமிடத்திற்கு அதிகபட்சமாக ஏறத்தாழ 3,600 லிட்டர் காற்றைத்தான் இழுக்க முடியும். ஃபில்டர் இதைப்போல மூன்று பங்கை விடக்கூடியதாக இருந்தாலும் இழுப்பவன் அதேயளவுதான் இழுப்பான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் பழைய ஃபில்டரிலும் குழாயிலும் இப்போது எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்பது. இதற்கு டைனோ தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் நான்கு மீட்டர் போதும். ஏர் ஃபில்டர் பெட்டியில், ஃபில்டரைத் தாண்டி த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) முன்னால் உள்ள பகுதியில் ஒரு சிறிய துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து டியூபின் ஒரு முனையைச் செருகுங்கள். டியூபை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, இரண்டு கைகளும் முக்கால் மீட்டர் உயரம் இருக்கும்படி 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, துணிக்குப் போடும் நீலம் கலந்த தண்ணீரைப் பாதி வரை ஊற்றுங்கள். மறுமுனை திறந்திருக்க வேண்டும். என்ஜினுக்குப் போகும் பக்கத்தில் இடையில் ஒரு காலி பாட்டிலைச் சேர்த்துவிட்டால், தவறிப்போய்த் தண்ணீர் மேலே ஏறினாலும் என்ஜினுக்குள் போகாது. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் இரண்டாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து 6,000 வரை இழுங்கள். நீங்கள் ஓட்டுங்கள், டியூபைப் பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும்.

இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 செ.மீ. என்றால் இழப்பு 1 கிலோபாஸ்கல். பொள்ளாச்சியில் காற்றழுத்தமே ஏறத்தாழ 97 கிலோபாஸ்கல்தான். அதாவது 10 செ.மீ. தண்ணீருக்கு ஒரு சதவீதத் திறன். உங்கள் வண்டிக்கு ஒரு பி.எஸ்.ஸுக்கும் குறைவு. அடைப்பை நீக்கி மட்டும் 12 கூட்ட வேண்டுமானால், இப்போதைய இழப்பு கிட்டத்தட்ட 1.4 மீட்டர் தண்ணீர் உயரம் இருக்க வேண்டும். அவ்வளவு அடைப்போடு எந்தக் கம்பெனியும் ஏர் ஃபில்டர் பெட்டி செய்து விற்பதில்லை.

செட்டிபாளையம்_டிராக்:

பட்டறை அண்ணன் சொன்ன அளவை முறை சரியானது, ஆனால் அடைப்பு மட்டுமே முழுக் கதை அல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இன்டேக் வால்வு திறந்து மூடும்போது குழாயில் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. குழாயின் நீளத்தைச் சரியாக அமைத்தால் வால்வு மூடும் நேரத்தில் அலை வந்து சேர்ந்து, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும். நம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தய வண்டிகளுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் அவை பெரும்பாலான நேரம் உயர்ந்த ஆர்.பி.எம்மில் முழு த்ராட்டிலில் ஓடுகின்றன. அங்கே 2 சதவீதம் கூடினாலும் செலவு செய்யத் தகும். ஆனால் ஓர் ஆர்.பி.எம்மில் இப்படிக் கிடைப்பது வேறோர் ஆர்.பி.எம்மில் பறிபோகும். உச்ச எண்ணை மட்டும் பெட்டியில் அச்சிடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆகவே யார் டைனோ தாள் காட்டினாலும், 2,000 முதல் 6,500 வரையுள்ள முழு டார்க் (சுழற்றும் விசை) கோட்டையும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே கியரில், மும்மூன்று ஓட்டங்களாக எடுத்ததையும் கேளுங்கள். ஒரே வண்டியை எதையும் மாற்றாமல் மூன்று முறை ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் வேறுபடும்.

ஈரோடு_இயந்திரவியல்:

வால்பாறைச் சிக்கலுக்கு வருகிறேன். தம்பிக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான். 83 பி.எஸ். என்பது 6,000 ஆர்.பி.எம் என்ற ஒரே புள்ளியில் மட்டும் கிடைப்பது. கிலோவாட்டில் திறன் என்பது, டார்க்கை ஆர்.பி.எம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் வருவது. உங்கள் என்ஜினின் உச்ச டார்க் 4,200-இல் 113 நியூட்டன் மீட்டர். அந்த இடத்தில் திறன் ஏறத்தாழ 50 கிலோவாட், அதாவது 68 பி.எஸ். கொண்டை ஊசியை மூன்றாம் கியரில் 2,000 ஆர்.பி.எம்மில் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே டார்க் 100 இருப்பதாக எடுத்துக்கொண்டாலும் உங்கள் கையில் இருப்பது 28 பி.எஸ். மட்டுமே. இரண்டாம் கியருக்கு இறக்கினால் அதே வேகத்தில் ஆர்.பி.எம் கூடும், திறனும் கூடும். எந்தக் குழாயும் இந்த அளவுக்குக் கொடுக்காது.

காற்றுப் பாதையில் ஏற்படும் அழுத்த இழப்போ, காற்றின் வேகத்தின் இருமடியை ஒட்டிக் கூடுவது. 6,000-இல் 12 செ.மீ. இருந்தால் 3,000-இல் ஏறத்தாழ 3 செ.மீ. தான் இருக்கும். ஆகவே இன்டேக் மாற்றத்தால் மிகக் குறைவாகப் பயன்படும் இடம் மலைப்பாதைதான். 1,000 மீட்டருக்கு மேல் உள்ள வால்பாறையில் காற்றழுத்தமே பொள்ளாச்சியைவிடக் கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைவு. மேலே காற்று குளிர்ந்திருப்பதால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். போதாததற்கு, பானட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர், மெதுவாக ஏறும்போது ரேடியேட்டரின் சூடான காற்றையே இழுக்கும். காற்று 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். அந்த ஃபில்டர் போட்டவுடன் என்ஜின் உறுமும் சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகக் காது நம்பிவிடும். டியூபில் உள்ள தண்ணீர் நம்பாது.

திருப்பூர்_பஞ்சு:

தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் பக்கம் பஞ்சு, உங்கள் பக்கம் நார்த் தூள். காற்றை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதோடு, எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது என்பதையும் ஃபில்டர் வரும் அட்டைப்பெட்டியின் மீது பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற ஃபில்டர் சோதனை முறையில் இரண்டையும் சோதித்த எண் இருந்தால்தான் நான் வாங்குவேன். எண்ணெய் தடவும் துணி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், காற்றளவை உணரியுள்ள வண்டிகளில் அதன் சூடான கம்பியில் படிந்து அளவு பிசகிவிடும். என் நண்பரின் வண்டியில் செக் என்ஜின் விளக்கு எரிந்ததற்கு அதுவே காரணம்.

தென்னந்தோப்பு_பொள்ளாச்சி:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, சொன்னபடியே டியூபைக் கட்டி அளந்தோம். 6,000-இல் 44 செ.மீ. காட்டியது. நான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று மூன்று முறை ஓட்டியும் 43, 44, 44 என்றே வந்தது. 3,000-இல் 12 செ.மீ. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டியபோதும் 6,000-இல் 36 இருந்ததால், அடைப்பு ஃபில்டரில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது என்று தெரிந்தது.

முன் கிரில்லுக்குப் பின்னால் காற்றை இழுக்கும் பிளாஸ்டிக் மூக்கைக் கழற்றினேன். உள்ளே எலி, தேங்காய் நாரைப் பிரித்து மெத்தென்று கூடு கட்டியிருந்தது. நடுவில் கடித்துப் போட்ட வேப்பங்கொட்டைத் தோல் ஒரு கைப்பிடி இருந்தது. கார் இரவில் தோட்டத்துச் சாளையை ஒட்டி, மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பதால் வந்த வினை. கூட்டை எடுத்த பிறகு 13 செ.மீ., புதிய காகித ஃபில்டர் போட்ட பிறகு 9 செ.மீ. கணக்குப்படி 35 செ.மீ. மீண்டிருக்கிறது, அதாவது மூன்றரை சதவீதம், 3 பி.எஸ். அளவு.

கோவை சாலையில் முந்தும்போது வித்தியாசம் தெரிகிறது. வால்பாறை ஏற்றத்தில், ஐயா சொன்னபடியே, கூடு போனதால் பெரிய மாற்றம் இல்லை; வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கியதால்தான் மாற்றம் வந்தது. ஒன்பதாவது வளைவில் அம்மிச்சி, "இன்னைக்கு வண்டி நல்லா ஏறுது கண்ணு" என்று சொன்னார். 18,000 ரூபாய் செட்டை வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன். மூக்கில் எலி மீண்டும் நுழையாமல் இருக்க வலை கட்டலாமா?

சிங்காநல்லூர்_பட்டறை:

கட்டலாம் தம்பி. கால் அங்குலக் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையாக இருக்கட்டும். கொசுவலை போல நெருக்கமாகப் போட்டால் அதுவே நார்த் தூளில் அடைத்துக்கொள்ளும். போட்ட பிறகு டியூபை வைத்து ஒரு முறை அளந்து, 9 அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அளந்து முடித்ததும் ஃபில்டர் பெட்டியில் போட்ட துளையை ரப்பர் அடைப்பானால் இறுக மூடிவிடுங்கள். அது ஃபில்டரைத் தாண்டிய பக்கம் என்பதால், அந்த வழியே போகும் மண் நேராக சிலிண்டருக்குள் போகும்.