12 மீட்டரிலிருந்து விழும் அரை கிலோ ஸ்பேனர்: அடியின் விசையைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி

மேலே வேலை நடக்கும்போது கீழே ஆள் நடக்கும் வழிக்கு ஒரு தகட்டுக் கூரை போட வேண்டும். தகட்டிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் வேலை. கை நழுவி விழக்கூடியதில் கனமானது 500 கிராம் ஸ்பேனர். விசை = நிறை × முடுக்கம் என்று 0.5 × 9.81 போட்டால் 4.9 நியூட்டன்தான் வருகிறது. அது சும்மா வைத்திருந்தாலே இருக்கும் எடையாயிற்றே! எங்கே தப்பு? காற்றுத் தடையையும் சேர்க்க வேண்டுமா?

பதில் 1

9.81 என்பது விழும்போது உள்ள முடுக்கம். உங்களுக்கு வேண்டியது நிற்கும்போது உள்ள முடுக்கம். அது பல நூறு மடங்கு பெரிது.

முதலில் வேகம்: √(2 × 9.81 × 12) = 15.3 மீ/வி, அதாவது மணிக்கு 55 கி.மீ. இதில் நிறை வராது. காற்றுத் தடையை இங்கே விட்டுவிடலாம். இதே எடையுள்ள இரும்புக் குண்டுக்கு இந்த உயரத்தில் வேகம் ஒரு சதவீதம்கூடக் குறையாது. மேசைப்பந்து போன்ற லேசான பொருள் என்றால் கதை வேறு, அது 9 மீ/வி-க்கு மேல் போகவே போகாது.

அடுத்து ஆற்றல்: 0.5 × 9.81 × 12 = 59 ஜூல். இதை நிற்கும் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை.

தடித்த தகடு, 5 மி.மீ.-க்குள் நிற்கிறது: 11,800 நியூட்டன், சுமார் 1,200 கிலோ எடைக்குச் சமம்.
தகடு 3 செ.மீ. வளைகிறது: 1,960 நியூட்டன்.
வலை 30 செ.மீ. தொய்கிறது: சுமார் 200 நியூட்டன்.

ஸ்பேனர் அதேதான், உயரமும் அதேதான். ஆகவே "இந்தப் பொருளின் அடி இத்தனை நியூட்டன்" என்று தனியாக ஒரு எண் கிடையாது. கூரை எத்தனை ஜூல் தாங்க வேண்டும் என்று கேளுங்கள்.

பதில் 2

மேலே உள்ளவை சராசரி. தகடு ஸ்பிரிங் மாதிரி வளைந்தால் விசை பூஜ்யத்தில் தொடங்கி ஏறும். உச்சம் சராசரியைப் போல இரண்டு மடங்கு. 3 செ.மீ. வளைவுக்கு 3,900 நியூட்டன் என்று வைத்துத்தான் தாங்கும் சட்டத்தையும் போல்ட்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்பேனர் படுத்த நிலையில் விழும் என்று நம்பக் கூடாது. முனை குத்தினால் சில சதுர மி.மீ. இடத்தில் மொத்த விசையும் இறங்கும். தகடு முழுதும் வளையத் தொடங்குவதற்கு முன்பே அந்த இடம் கிழிந்துவிடலாம். வளைவை வைத்துப் போட்ட கணக்கு இதைக் காட்டாது.

கேட்டவர்

புரிகிறது. 12 மீட்டர் ஏறிச் சோதிக்க வசதியில்லை. 2 கிலோ எடையை 3 மீட்டரிலிருந்து போட்டால் அதே 59 ஜூல்தானே, போதுமா? கைபேசியில் படமெடுத்து விசையைக் கண்டுபிடிக்கலாமா?

பதில் 3

சட்டம் எவ்வளவு வளைகிறது, போல்ட் பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும், ஏறக்குறையச் சரியாக வரும். ஓட்டை விழுமா என்பதற்குப் போதாது: வேகம் பாதிதான் (7.7 மீ/வி), உருண்டையான எடைக்கல்லுக்கு ஸ்பேனர் முனையும் கிடையாது. அதற்கு அதே ஸ்பேனரை, முனை கீழே இருக்க, முழு உயரத்திலிருந்து ஒரு குழாய்க்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். குழாய் அகலமாக இருக்கட்டும், பக்கத்தில் உரசினால் வேகம் குறைந்து தகடு பாஸானது போலத் தெரியும். யாரும் கீழே நிற்கக் கூடாது, தெறித்து வரும்.

படத்தில் விசை கிடைக்காது. நொடிக்கு 240 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்கு 4.2 மில்லி நொடி, 5 மி.மீ.-க்குள் நிற்கும் அடி 0.65 மில்லி நொடியில் முடிந்துவிடும். உடலெடை பார்க்கும் தராசும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. தகட்டுக்கு அடியில், அதன் நடுப்பகுதிக்கு நேர் கீழே, களிமண் உருண்டை ஒன்றைத் தகட்டைத் தொடும்படி வையுங்கள். எவ்வளவு நசுங்கியதோ அதுதான் அதிகபட்ச வளைவு. அதை மீட்டரில் எழுதி 59-ஐ வகுத்து, இரண்டால் பெருக்குங்கள்.