இரட்டை மோட்டார் ஆசையும் எண்பது சதவீதக் கணக்கும்

எந்த நிறுவனத்தின் மின்கார் நல்லது என்ற கேள்விக்கு ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டீர்கள். நான் மின்கார் வாங்கும்போது பேட்டரியிலும் மோட்டாரிலும் தடுமாறிய கதையைச் சொல்கிறேன்.

பழைய காரின் சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமை) முடியப்போகிற நேரம். எனக்கு ஆசையெல்லாம் நான்கு சக்கரமும் இழுக்கும் இரட்டை மோட்டார் வண்டி மேல்தான். ஓட்டிப் பார்த்தபோது முதுகை இருக்கையோடு அழுத்தியது, மயங்கிவிட்டேன். இறங்கியதும் மனைவி கேட்டார்: "பிஐஇ விரைவுச்சாலையில் 90-க்கு மேல் போகக்கூடாது. இதை எங்கே ஓட்டப் போறீங்க?"

விலைப் பட்டியலும் அவர் பக்கம்தான் பேசியது. 2022 மே முதல் மோட்டார் சக்தி 110 கிலோவாட் வரையிலான மின்கார்கள் ஏ பிரிவு சிஓஇ-யில் வருகின்றன. அதைத் தாண்டினால் வழக்கமாக விலை கூடிய பி பிரிவு. சாலை வரியும் மோட்டாரின் சக்தியோடு ஏறும். அதனால்தான் இங்கே பல கார்களை 100, 110 கிலோவாட்டுக்கு மட்டுப்படுத்தி விற்கிறார்கள். சரி என்று ஒற்றை மோட்டாருக்கு இறங்கி வந்தேன். முன்சக்கர இழுவைக் கார் ஒன்று மழையில் சிக்னலிலிருந்து கிளம்பும்போது கிறீச்சென்று வழுக்கியது. பின்சக்கர இழுவையை எடுத்தேன்.

பேட்டரிதான் பெரிய குழப்பம். 60 கிலோவாட்-மணி மின்சாரம் பிடிக்கும் எல்எஃப்பி ஒன்று, 75 கிலோவாட்-மணி என்எம்சி ஒன்று; இரண்டும் லித்தியம் பேட்டரி வகைகள். பெரியதுதானே நல்லது? மின்காரில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவர் தேநீர்க் கடையில் கணக்குப் போட்டுக் காட்டினார். என்எம்சி நீண்ட நாள் உழைக்க அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். 75-இல் 80 சதவீதம் எவ்வளவு? 60! எல்எஃப்பியை 100 வரை ஏற்றலாம். அப்புறம் எதற்குக் கூடுதல் காசு? எல்எஃப்பியையே எடுத்தேன்.

அன்றாடம் செங்காங்கிலிருந்து துவாஸ் போய்வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஏர்கானோடு 12, 13 கிலோவாட்-மணி ஆகிறது. வாரம் இருமுறை எங்கள் அடுக்குமாடி புளோக் கார்பார்க்கில் 7.4 கிலோவாட் சார்ஜரில் போட்டால் போதும். இடம் கிடைக்க வேண்டும், அதுதான் சிக்கல். இரவு ஒன்பது மணிக்குப் போனால் எல்லாம் நிறைந்திருக்கும்.

தீபாவளிக்கு மலேசியாவின் ஈப்போவுக்குப் போனபோதுதான் சின்ன பேட்டரி கடித்தது. 110-இல் ஓட்டினால் சார்ஜ் கண்ணெதிரே கரைகிறது. ஆயர் குரோ நெடுஞ்சாலை ஓய்வுப் பகுதியில் சார்ஜருக்கு எனக்கு முன்னால் மூன்று வண்டிகள். ஒன்றே கால் மணிநேரம் போயிற்று. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும் என்பதால் அத்தோடு பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். கோலாலம்பூர் தாண்டி இன்னொரு முறை.

பெரிய பேட்டரி, இரட்டை மோட்டார் வைத்திருக்கும் மச்சான் ஒரே தடவைதான் சார்ஜ் போட்டார். ஆனால் பிள்ளைகளுக்காக நான்கு இடத்தில் நிறுத்தினாராம். எங்களுக்கு இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டு, ஒரு வாரம் அதையே பேசினார். மாதாமாதம் மலேசியா போகிறவர்கள் அவர் வழியில் போவதே மேல் என்பேன். நாங்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான்.

ஈப்போவில் மாமியார் வீட்டுச் சாதாரண மூன்று முள் பிளக்கில் இரவு முழுக்கப் போட்டேன், 25 கிலோவாட்-மணி போல ஏறியது. மின்கட்டணம் எவ்வளவு வந்தது என்று அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை.