வெள்ளம் வடிந்த வீடு: சர்வேயர் வருவதற்கு முன் கழுவலாமா?

தரைத்தளம் (பள்ளிக்கரணை), 2023 டிசம்பர் 8

மிக்ஜாம் புயல் மழையில் 4ஆம் தேதி விடியற்காலை வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டோம். நேற்றுதான் வடிந்தது. முழங்காலுக்கு மேல் நின்றிருக்கிறது. ஃபிரிட்ஜ் கவிழ்ந்து கிடக்கிறது, மெத்தை இரண்டும் ஊறி நாறுகின்றன, பிளைவுட் அலமாரி அடியில் உப்பிவிட்டது. பில்கள் இருந்த கோப்பும் கூழாகிவிட்டது.

வீட்டுக்கடனோடு எடுத்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறது. ஃபோன் செய்து கிளைம் எண் வாங்கிவிட்டேன். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வர நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை இந்த நாற்றத்தில் எப்படி இருப்பது? மாநகராட்சி லாரி நாளை காலை குப்பை எடுக்க வருகிறது. மெத்தையைப் போட்டுவிடலாமா?

வேளச்சேரிக்காரன்

அவசரப்பட்டு எதையும் போட்டுவிடாதீர்கள் அக்கா. 2015 வெள்ளத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து ஒரே நாளில் எங்கள் வீட்டைக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டார்கள். கையில் மிஞ்சியது மங்கலான மூன்று படங்கள். கேட்ட தொகையில் பாதிகூட வரவில்லை. முதலில் சுவரில் இருக்கும் தண்ணீர்க் கோட்டைப் படம் எடுங்கள். கழுவினால் முதலில் போவது அதுதான்.

நன்மங்கலம்

வங்கிக் கடனோடு வரும் பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தானே? ஃபிரிட்ஜ், மெத்தைக்கெல்லாம் எதுவும் கிடைக்காது.

முன்னாள் சர்வேயர்

எல்லாப் பாலிசிக்கும் அப்படிச் சொல்ல முடியாது. பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்தோடு வீட்டுப் பொருள்களையும் சேர்த்து எடுத்திருந்தால், கட்டடத்துக்கான இன்ஷூரன்ஸ் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், தனிப் பட்டியல் கொடுக்காமலே பொருள்களுக்கு உண்டு. சேர்த்திருக்கிறார்களா என்பது பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தில் இருக்கும். அதை இன்றைக்கே பாருங்கள் அம்மா. நகை அதில் சேராது, அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். கார், பைக்குக்கு வண்டி இன்ஷூரன்ஸில்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. கழுவலாம். நஷ்டம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமைதான், சேற்றோடு உட்கார்ந்திருக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆனால் கழுவுவதற்கு முன் வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுங்கள். சுவர்க் கோட்டின் மேல் அளவு டேப்பைப் பிடித்து, எண் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம், அறை முழுதும் தெரிய எட்டத்தில் ஒரு படம். கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்த வீட்டுச் சுவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சுவரைக் கழுவிவிட்டார்கள் என்றால் நான் கீழ் ஸ்விட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்வேன். உள்ளே வண்டல் படிந்திருக்கும். கதவின் பின்பக்கத்திலும் கோடு அப்படியே நிற்கும்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினைக் கரண்ட் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. சீரியல் நம்பர் ஸ்டிக்கரைத் துடைத்துப் படம் எடுத்து அப்படியே விடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதை விற்றால் கிடைக்கும் பணமும் (சால்வேஜ் மதிப்பு) கணக்கில் வரும்.

மெத்தையை வைத்திருக்க முடியாது, சரி. படம் எடுத்து, கம்பெனி லேபிளோடு ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, “வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் நாளை அகற்றுகிறோம்” என்று கிளைம் எண்ணோடு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போடுங்கள். ஃபோனில் சொன்னது நாளை யாருக்கும் நினைவிருக்காது.

வேளச்சேரிக்காரன்

படங்களை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேர விவரம் போய்விடும், தரமும் குறையும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூலப்படத்தை ஃபோனிலிருந்து அழிக்காதீர்கள்.

தரைத்தளம், டிசம்பர் 9

ரொம்ப நன்றி சார், தம்பிக்கும் நன்றி. ஷெட்யூலில் பொருள்களும் இருக்கின்றன! கோடு தரையிலிருந்து 71 செ.மீ. பில்லுக்கு என்ன வழி?

நன்மங்கலம்

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். பில்லுக்கு வாங்கிய கடையில் ஃபோன் நம்பரைச் சொல்லிப் பாருங்கள், பல கடைகளில் மறுபிரதி தருவார்கள். ஆன்லைனில் வாங்கியது ஆர்டர் பட்டியலில் இருக்கும். கார்டில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கை. பழைய குடும்பப் படங்களையும் தேடுங்கள், பின்னால் டிவியோ பீரோவோ நிற்கும்.

தரைத்தளம், டிசம்பர் 13

சர்வேயர் இன்று வந்தார். நேராகக் கதவின் பின்பக்கம்தான் போனார், நீங்கள் சொன்ன மாதிரியே! ஃபிரிட்ஜ் பில் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் போன பொங்கலுக்கு அம்மா பானையோடு நிற்கும் படத்தில் பின்னால் ஃபிரிட்ஜ் முழுதாகத் தெரிகிறது. அதை வாங்கிக்கொண்டார். அலமாரிக்குத் தச்சரிடம் எஸ்டிமேட் கேட்டிருக்கிறார். தச்சர் “மொத்தம் 60,000” என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். போதுமா?

முன்னாள் சர்வேயர்

போதாது அம்மா. எத்தனை சதுர அடி, என்ன கனத்தில் பிளைவுட், கீல், கைப்பிடி, கூலி என்று பிரித்து, பெயர், தேதி, கையெழுத்தோடு வாங்குங்கள். 71 செ.மீ.க்கு மேலே இருக்கும் பலகையையும் மாற்ற வேண்டுமென்றால் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அடிப்பலகை போனால் மேல்சட்டம் நிற்காது என்பது அவருக்குத் தெரியும், தாளில் இருந்தால்தான் கம்பெனிக்குத் தெரியும்.

தரைத்தளம்

நாளைக் காலை அவரை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன் சார். அளந்து பார்த்தே எழுதி வாங்கிவிடுகிறேன்.